விளக்கை எண்ணி விலை பேசாதீர்கள்

கிழக்குப் பாலக்காட்டு ஊராட்சிகளின் கலைக்குழுக்களுக்கும், நூலகச் செயலாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்

வணக்கம்.

ஒளி, நிறம், கோண வடிவம் இந்த மூன்றை மட்டும் வைத்து வேலை செய்யும் ஓர் அரூப ஓவியரை அழைத்து, உங்கள் சாம்ஸ்காரிக நிலையம் என்னும் பண்பாட்டு மையத்திலோ வாசகசாலையிலோ ஒரு சுவரை அவருக்குக் கொடுப்பது நல்ல காரியம். அந்தச் சுவரில் ஏணி வைத்து ஏறுகிறவர்கள் நாங்கள். வேலந்தாவளம் முதல் கோவிந்தாபுரம் வரை போர்டு எழுதுகிறவர்கள், வயரிங் ஆட்கள், அக்ரிலிக் வெட்டுகிறவர்கள், பெயிண்டர்கள். ஓவியர் தாளில் போட்டுத் தருவதைச் சுவரில் நிற்கவைப்பது எங்கள் கை. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறோம். இந்த வேலைக்கு எஸ்டிமேட் போடும்போது விளக்கை எண்ணாதீர்கள்.

வழக்கமான எஸ்டிமேட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆர்ஜிபி எல்இடி ஸ்ட்ரிப் 40 மீட்டர், எஸ்எம்பிஎஸ் 4, ரிமோட் 1, லேபர். நான்கு வரி. (ஆர்ஜிபி என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ளது; எஸ்எம்பிஎஸ் என்றால் லைன் கரண்டை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் பெட்டி.) குறைந்த தொகை சொன்னவருக்கு வேலை. கல்யாண மண்டபத்துக்கு இது போதும். நென்மாறை–வல்லங்கி வேலாவுக்கு நிற்கும் அலங்காரப் பந்தலுக்கும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான்; அங்கே பல்பு கூடக் கூட அழகு கூடும், தூரத்தில் வருகிறவனின் கண்ணைப் பறிக்க வேண்டும், திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். நாம் பேசுவது பத்தடி தூரத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய சுவர். வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். அதில் பணமும் நாளும் விழுகிற இடங்கள் வேறு: சுவரின் மட்டம், அறையின் இருட்டு, விளக்குக்கும் திரைக்கும் நடுவே விடும் இடைவெளி, ஒயரின் தடிமன். அந்த நான்கு வரியில் இவை ஒன்றுமே இல்லை.

சாமான் என்னவோ கடைச் சாமான்தான். அமெரிக்கக் கலைஞர் டான் ஃபிளேவின் 1963 முதல் கடையில் கிடைத்த டியூப்லைட்டுகளைக் கொண்டே தன் வேலையைச் செய்தார். இரண்டடி, நான்கடி, ஆறடி, எட்டடி. கடையில் என்ன நீளம், என்ன நிறம் உண்டோ அதுதான் அவருடைய வண்ணப்பெட்டி. அந்த ஆண்டு மே 25 என்று தேதியிட்ட படைப்பு, எட்டடி மஞ்சள் டியூப் ஒன்றை 45 பாகை சாய்த்துச் சுவரில் மாட்டியது. ஒரே ஒரு டியூப். உங்கள் படிவத்தில் அதற்கு என்ன தொகை வரும் என்று போட்டுப் பாருங்கள். அவருக்கு நாற்பது ஆண்டு முன்னால், 1923-இல், ஹங்கேரியரான லாஸ்லோ மொஹோலி-நாட்ஜ் எனாமல் போர்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒரே வடிவத்தை மூன்று அளவுகளில் செய்து வாங்கினார். போர்டுத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது இனிக்கிற செய்தி. தொழிற்சாலை போட்டது தகடும் எனாமலும். அவர் போட்டது அளவு. கோடு எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தள்ளி, என்ன நிறத்தின் பக்கத்தில் என்ன நிறம் என்பதற்குத்தான் கலைஞருக்குக் கூலி.

அரூபம் வெளியூர்ச் சரக்கு என்று குழுவில் யாராவது சொன்னால், பாரதப்புழைக் கரையின் கூடல்லூரைச் சொல்லுங்கள். நிறத்தையே பொருளாக வைத்து வரைந்த அச்சுதன் கூடல்லூர் (1945–2022) நம் மாவட்டத்துக்காரர். வாழ்ந்து வரைந்தது சென்னையில். முக்கோணமும் சதுரமுமாகத் தன் ஓவியத்தைக் கட்டிய வி. விஸ்வநாதன் 1940-இல் கொல்லத்தில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்து, பிறகு பாரிஸுக்குப் போனவர். அந்தப் பணிக்கர் பிறந்ததோ கோயமுத்தூரில். அதற்கும் முன்னால் பகவதி கோயில்களில் களம் எழுதுகிறவர்கள் அரிசிமாவு வெள்ளை, மஞ்சள், உமிக்கரிக் கறுப்பு, இலைப்பொடிப் பச்சை, மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த சிவப்பு என்று ஐந்தே பொடியில் தரையை நிரப்பினார்கள். அதை நிலவிளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டியூப்லைட்டைப் போட்டால் அந்தச் சிவப்பு செத்துப்போகும். எந்த நிறத்துக்கு எந்த விளக்கு என்ற பேச்சு நமக்குப் புதிதில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் சுவர். விளக்கைச் சுவரை ஒட்டிப் பாய்ச்சினால் கரண்டி போன தடமெல்லாம் அலையலையாகத் தெரியும். பகலில் வழவழவென்று இருந்த சுவர் ராத்திரி உழுத வயல்போல இருக்கும். புட்டி இரண்டு கை வைத்து, 180 உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 220-இல் தேய்க்க வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற வழி ஒன்றே: இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு படுக்கவைத்து அடிப்பது. பகலில் கையால் தடவிப் பார்த்து 'ஓகே' சொல்கிற மேஸ்திரியை நம்ப வேண்டாம். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயவிடாமல் புட்டி ஏற்றாதீர்கள். உள்ளே நின்ற ஈரம் உப்பாகப் பூத்து பெயிண்டைத் தள்ளும். பெயிண்ட் மேட் ஆகவே இருக்க வேண்டும். பளபளக்கும் எமல்ஷன் அடித்தால் சுவரில் நிறம் பரவுவதற்குப் பதில் ஸ்ட்ரிப்பின் புள்ளிகள் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். இன்னொன்று. வெள்ளை அடிக்கும்போது நீலம் கலக்கிற பழக்கம் நமக்கு உண்டு. சுண்ணாம்பு வெளேரென்று இருக்கட்டும் என்று. ஒளி வேலை வருகிற சுவரில் அது கூடாது. அந்த நீலம் மஞ்சள், ஆரஞ்சு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஓவியர் கேட்ட காவி வராமல் அழுக்கு மஞ்சள் வரும், பழி ஸ்ட்ரிப்பின் மேல் விழும்.

அளவு. ஓவியர் ஒரு சதுரம் போட்டால் அது சதுரமாக இருந்தாக வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து அடி கணக்கில் மூலைமட்டம் பிடித்து, கடைசியில் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பார்ப்போம். எட்டடிச் சதுரத்துக்கு இரண்டும் 11 அடி 3¾ அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் தப்பினால் பெயிண்டில் தெரியாது, ஒளிக்கோட்டில் பளிச்சென்று தெரியும். பழைய கட்டடங்களில் தரை ஒரு பக்கம் வாட்டமாக இருக்கும். டியூப் லெவலில் மட்டம் பிடித்த கோடு, பத்தடியில் ஓரங்குலம் சரிந்த தரைக்கு மேலே கோணலாகத்தான் கண்ணுக்குப் படும். ரசமட்டம் சொல்வதைக் கேட்பதா, கண் சொல்வதைக் கேட்பதா? இதை ஓவியர் நேரில் நின்று சொல்ல வேண்டும். போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் வந்துபோகும் செலவை 'தேவையில்லை' என்று முதலில் வெட்டுவது உங்கள் வழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இருட்டையும் எஸ்டிமேட்டில் எழுதுங்கள். தெருவிளக்கெல்லாம் எல்இடி ஆனபிறகு வெண்டிலேட்டர் வழியே வெள்ளை வெளிச்சம் உள்ளே பாய்கிறது. ஒளி வேலையில் கறுப்பு என்ற நிறம் கிடையாது. விளக்கு இல்லாத இடம்தான் கறுப்பு. அங்கே தெரு வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பலாகும், மற்ற நிறமெல்லாம் பாலூற்றினதுபோல் வெளுக்கும். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து எழுதிய கள்ளுக்கடை போர்டு இந்தத் தாலுக்கா முழுக்க அரை மைல் தூரத்திலிருந்து தெரிகிறதே, அது வெள்ளையின் திறமை இல்லை, கறுப்பின் திறமை. வெண்டிலேட்டருக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் மேட் கறுப்பு அடித்து மூடி, எக்ஸாஸ்ட் காற்றுக்கு மட்டும் மடிப்பு வழி விடுங்கள். துணி கட்டாதீர்கள், தீப்பிடிக்கும், தூசியும் பிடிக்கும். கதவிலிருந்து அறைக்குள் நேராக வராமல் எல் வடிவத்தில் நான்கடி இடைவழி இருந்தால் வெளி வெளிச்சம் திரும்பாது. அந்த இடைவழிக்கு வேறு உபயோகமும் உண்டு. வெனிசுவேலா நாட்டின் கார்லோஸ் குருஸ்-டியெஸ் (1923–2019) சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வோர் இடத்தையும் ஒரே நிற ஒளியால் நிரப்பினார். சிவப்பில் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால் வெள்ளைச் சுவர் பச்சைநீலமாகத் தெரியும். கண் சிவப்புக்குச் சலித்துவிட்டது. அப்படி வருகிறவர் நேரே படிக்கட்டில் கால் வைத்தால் தடுக்கும். மங்கிய வெள்ளை விளக்கு ஒன்றோடு நான்கடி நடக்கவிட்டால் கண் கொஞ்சமாவது தெளியும்.

நிறக் கலவையில் பெயிண்டர்களுக்கும் வயரிங்காரர்களுக்கும் சண்டை வராமல் இருக்காது. பெயிண்டில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. ஒளியில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் ஏறக்குறைய வெள்ளை. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். பெயிண்ட் அடித்த வடிவத்தின் மேல் நிற ஒளி விழுகிற வேலையென்றால் இரண்டு கணக்கும் சேர்ந்து ஓடும்: பச்சை முக்கோணத்தின் மேல் சிவப்பு ஒளி விழுந்தால் முக்கோணம் கறுத்துவிடும். ஷேட் கார்டைக் கடை வெளிச்சத்தில் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். ஓரடிக்கு ஓரடி பலகையில் அதே பெயிண்டை அடித்து, அதே ஸ்ட்ரிப்பைப் பிடித்து, அதே அறையில், ராத்திரி பாருங்கள். மூன்று நிற விளக்கும் ஒரே இடத்தில் விழும்போது நடுவில் கையை நீட்டினால் மூன்று நிழல் விழும்: சிவப்பு மறைந்த இடத்தில் பச்சைநீலம், பச்சை மறைந்த இடத்தில் ரோஸ், நீலம் மறைந்த இடத்தில் மஞ்சள். குழந்தைகள் அதிலேயே அரை மணி நேரம் நிற்பார்கள். ஓவியர் அதை விரும்பினால் விளக்குகளுக்கு இடையே ஓரடியாவது தள்ளி வைக்க வேண்டும். விரும்பாவிட்டால் மூன்றும் ஒரே சில்லில் இருக்கும் எல்இடி. எது என்று முதலிலேயே கேளுங்கள், மாட்டியபின் மாற்ற முடியாது.

வெள்ளை என்று மொட்டையாக எழுதாதீர்கள். 2700 கெல்வினா, 4000-மா, 6500-ஆ என்று எழுதுங்கள்; எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலச் சாயல். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் என்றும் எழுதுங்கள். மூன்று நிறத்தைக் கலந்து உண்டாக்கிய வெள்ளையில் மரமும் மனித முகமும் நோய் பிடித்ததுபோல் இருக்கும். பெயிண்ட் வடிவங்களும் சேர்ந்த வேலைக்குத் தனி வெள்ளை எல்இடி உள்ள நான்கு நிற ஸ்ட்ரிப்பே சரி.

இப்போது அதிகம் கெடுகிற இடம்: ஒயர். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள சாதாரண ஆர்ஜிபி ஸ்ட்ரிப் 14.4 வாட். ஐந்து மீட்டர் ரோல் 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓடும். எஸ்எம்பிஎஸ் பத்து மீட்டர் தள்ளி இருந்து, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால், போக வர 20 மீட்டருக்குத் தடை சுமார் 0.24 ஓம். அதாவது ஒன்றரை வோல்ட் ஒயரிலேயே கரைந்துபோகும். ஸ்ட்ரிப்பின் வாசலுக்கு வருவதே பத்தரை வோல்ட். ஸ்ட்ரிப்புக்குள் இருக்கும் மெல்லிய செம்புப் பட்டையில் கடைசி முனை போய்ச் சேரும்போது இன்னும் இறங்கும். இதில் மூன்று நிறமும் ஒன்றுபோல் மங்கினால்கூடப் பரவாயில்லை. நீலம், பச்சை எல்இடி ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் கேட்கும், சிவப்பு 2 வோல்ட்டில் எரியும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்றாகத் தொடர் கட்டியிருப்பதால் நீலத்துக்கு 9 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், சிவப்புக்கு 6 போதும். வோல்ட் இறங்கினால் நீலமும் பச்சையும்தான் முதலில் படுக்கும். தொடக்க முனையில் வெள்ளையாக இருக்கும் கோடு கடைசி முனையில் செவ்வரி ஓடும். 'எல்இடி மட்டமான சரக்கு' என்று மாற்றிப் போடுவார்கள். புதுசும் அதையே செய்யும்.

24 வோல்ட் ஸ்ட்ரிப் போட்டால் அதே 72 வாட்டுக்கு 3 ஆம்பியர்தான். அதே ஒயரில் நஷ்டம் முக்கால் வோல்ட், நூற்றுக்கு மூன்று. ஒயரை 2.5 சதுர மில்லிமீட்டர் ஆக்கி, ரோலின் இரண்டு முனையிலும் கரண்ட் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. எஸ்எம்பிஎஸ் 72 வாட்டுக்கு 75 வாங்காமல் 100 வாட் வாங்குங்கள். முழுச் சுமையில் ஓடும் பெட்டி சூடேறும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் பத்து டிகிரி சூடு கூடினால் பாதியாகும். ஏப்ரலில் நம் பக்கம் நாற்பதைத் தொடும் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே சீலிங்கில் அடைத்து வைத்த பெட்டிக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்இடி நின்றுவிட்டது என்று வருகிற புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பெட்டியை. கை எட்டும் உயரத்தில், காற்றோட்டமான இடத்தில், ரோலுக்கு ஒன்று வையுங்கள்.

24 வோல்ட்டில் ஒரு சங்கதி உண்டு, இது ஓவியருக்குத்தான் முக்கியம். ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. 60 எல்இடி ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் மூன்று எல்இடிக்கு ஒருமுறை, அதாவது 50 மி.மீட்டருக்கு ஒருமுறை வெட்டலாம். 24 வோல்ட்டில் ஆறு எல்இடிக்கு ஒருமுறை, 100 மி.மீட்டருக்கு ஒருமுறை. அவர் 1,260 மி.மீ. பக்கமுள்ள முக்கோணம் வரைந்துவிட்டால் எங்களால் 1,200 அல்லது 1,300தான் கொடுக்க முடியும். மூலையில் 60 மி.மீ. இருட்டாக நிற்கும், அல்லது வளைத்துத் திணிப்போம், திணித்த இடத்தில் சால்டர் விட்டுப்போகும். ஆகவே எங்கள் அளவுத்தாள் அவர் முதல் கோடு போடுவதற்கு முன்னால் அவர் கைக்குப் போக வேண்டும். நீங்கள் எங்களை அழைப்பது டிசைன் அச்சாகிப் பிளக்ஸில் வந்தபிறகு.

ஸ்ட்ரிப்பை நேரே சுவரில் ஒட்டாதீர்கள். பின்னால் இருக்கும் பசை சித்திரை வெயிலில் இளகும். அலுமினியப் புரொஃபைலில் வைத்து ஓரடிக்கு ஒரு கிளிப். அலுமினியம் சூட்டையும் இழுக்கும், கோட்டையும் நேராக வைக்கும்.

முன்னால் வரும் திரைக்கு 3 மி.மீ. ஓபல் அக்ரிலிக், அதாவது பால்வெள்ளைப் பலகை. மீட்டருக்கு 60 எல்இடி என்றால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 16.7 மி.மீ. திரை அதற்கும் குறைவான தூரத்தில் இருந்தால் ஒளிக்கோடு கோடாக இருக்காது, புள்ளிபுள்ளியாக மணி கோத்ததுபோல் இருக்கும். 25 மி.மீ. தள்ளி வைத்தால் புள்ளி கரையும். செலவைக் குறைக்க 30 எல்இடி ஸ்ட்ரிப் வாங்கினால் விளக்குப் பெட்டியின் ஆழம் இருமடங்காகும்; மிச்சம் பிடித்த பணம் தகட்டில் போய்விடும். அக்ரிலிக் சூட்டில் நீளும். எட்டடிப் பலகை 20 டிகிரி ஏறினால் மூன்றரை மில்லிமீட்டர் வரை நீளும். 4 மி.மீ. ஸ்குருவுக்கு 4 மி.மீ. ஓட்டை போட்டு இறுக்கினால் நடுவில் வயிறு தள்ளும், இல்லையேல் ஓட்டையிலிருந்து கீறல் ஓடும். 7 மி.மீ. ஓட்டை, ரப்பர் வாஷர், அரைச் சுற்று தளர்வு. துடைக்க மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். சானிடைசர், ஸ்பிரிட், தின்னர் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு வரும். விளக்குப் போட்டால் அத்தனையும் சிலந்தி வலைபோல் ஒளிரும். துப்புரவுப் பணியாளரிடம் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்வதே இல்லை.

நிறம் மெல்ல மாறுகிற வேலையென்றால் ரிமோட் ஆகாது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண்ணுக்குப் பாதி வெளிச்சம் என்று தோன்றுவது உண்மையில் முழு வெளிச்சத்தில் 22 சதவீதம் அளவுதான். வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணில் வைக்கும் கன்ட்ரோலரில் சரிபாதி, 255-க்கு 128 வைத்தால் கண்ணுக்கு முக்கால் பங்கு போலத் தெரியும். எனவே நேர்க்கோட்டில் ஏற்றினால் முதல் சில வினாடியில் குபீரென்று ஏறிவிட்டு மீதி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். இதைச் சரிசெய்யும் காமா திருத்தம் கன்ட்ரோலரில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அடிமட்டத்தில் இன்னொரு சிக்கல்: 0, 1, 2 என்று ஏறும் ஒவ்வொரு படியும் இருட்டில் குதித்துத் தெரியும். ஒரு நிமிடத்தில் 0-விலிருந்து 10-க்கு ஏற வேண்டுமானால் படிக்கு ஆறு வினாடி; விடியல் மாதிரி இருக்க வேண்டியது மாடிப்படி மாதிரி இருக்கும். 16 பிட் டிம்மிங் உள்ள டிரைவரில் (விளக்கை ஏற்றி இறக்கும் சாதனம்) 65,536 படி, அதில் இந்தக் குதிப்பு இல்லை. போனில் படம் எடுக்கும்போது வரிவரியாகக் கோடு ஓடினால் டிரைவர் விளக்கை அணைத்து ஏற்றும் வேகம் குறைவு என்று அர்த்தம். திறப்பு விழாவில் எல்லார் கையிலும் போன்தான் இருக்கும்.

கன்ட்ரோலரிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் லைனில் 512 சேனல். மூன்று நிற விளக்கு ஒன்றுக்கு மூன்று சேனல் என்றால் 170 விளக்கு. அத்தனை நம் சுவருக்கு வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒயர். மைக் செட் ஒயருக்கும் இதற்கும் ஒரே மாதிரி மூன்று முள் பின் இருப்பதால், அவசரத்துக்கு மைக் ஒயரைச் சொருகிவிடுவார்கள். அன்று ஓடும். பிறகு ஒருநாள் விளக்கு தானாகத் துடிக்கும். 120 ஓம் முறுக்கு ஒயர், ஒன்றிலிருந்து அடுத்ததுக்குச் சங்கிலியாக, கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர். நடுவில் ஒய் போலக் கிளை பிரிக்கக் கூடாது. புள்ளிக்குப் புள்ளி தனித்தனியாக ஓடும் பிக்ஸல் ஸ்ட்ரிப் வாங்கினால், டபிள்யூஎஸ்2812 வகையில் ஒரு புள்ளி செத்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் செத்துவிடும். டபிள்யூஎஸ்2815-இல் இரண்டாவது டேட்டா வழி உண்டு. ஒன்று செத்தாலும் கோடு நிற்கும்.

நம் ஊருக்கென்று சில விரோதிகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியோடு வரும்; பெட்டியின் மேல்பக்கம் சிவப்பாக அப்பிக்கொள்ளும், வெள்ளை ஒளி மெல்ல மஞ்சளிக்கும். பெட்டியின் மேல்விளிம்பைச் சரிவாக வையுங்கள். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் வாரத்தில் விளக்கை ஏழு மணிக்கு மேல் போடாமல் இருப்பதே புத்தி. திரைக்குப் பின்னால் புகுந்த ஈசல் இறகை எடுக்க முழுப் பெட்டியையும் கழற்ற வேண்டும். ஒயர் நுழையும் ஒவ்வோர் ஓட்டைக்கும், ஒயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்டு போடுங்கள். எஸ்எம்பிஎஸ் சூட்டுக்குப் பல்லி வந்து படுக்கும். டெர்மினலுக்கு நடுவே வால் பட்டால் பல்லியும் போகும், பெட்டியும் போகும். சாயந்தரம் தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரம் லைன் வோல்ட் இறங்கும்; 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஒரு பொருட்டில்லை, விலை மலிந்த 220 வோல்ட் பெட்டிதான் துடிக்கும். சுவர் ஈரம் உள்ள கட்டடத்தில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் உருப்படியான எர்த்தும் இல்லாமல் நாங்கள் கரண்ட் கொடுக்க மாட்டோம். குழந்தைகள் தொடுகிற சுவர் அது.

பதிவு. ஜெர்மனியில் பிறந்த அமெரிக்க ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950-இல் தொடங்கி 1976-இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாக ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். டியூபிலிருந்து எடுத்த பெயிண்டை அப்படியே கத்தியால் தடவி, எந்தக் கம்பெனியின் எந்த நிறம் என்று பலகையின் பின்பக்கத்தில் எழுதிவைத்தார். இதைவிடச் சிக்கனமான பராமரிப்பு ஏற்பாடு எதுவும் எங்களுக்குத் தெரியாது. உங்கள் பெட்டிக்குப் பின்னாலும் அப்படி ஒரு தாள் லேமினேட் செய்து ஒட்டியிருக்கட்டும்: ஸ்ட்ரிப்பின் மாடல், வாங்கிய தேதி, ரோலின் பேட்ச் எண், பெயிண்டின் ஷேட் எண், ஒவ்வொரு கோட்டுக்கும் கன்ட்ரோலரில் வைத்த மூன்று எண்கள். நிறத்தைப் பெயரால் மட்டும் எழுதாதீர்கள். ஊதா என்றால் இங்கே ஒருவர் நீலத்தைச் சொல்வார், இன்னொருவர் கத்தரிப்பூவைச் சொல்வார். தாள் தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும். ரிப்பேருக்கு வருகிற பையன் பொள்ளாச்சிக்காரனாக இருப்பான், அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஒற்றப்பாலத்துக்காரராக இருப்பார். ஸ்ட்ரிப் வாங்கும்போதே பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, அதே பேட்சில் வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். ஒரே மாடல் எண் இருந்தாலும் அடுத்த பேட்ச் நிறம் ஒத்துப்போகாது. நடுக்கோட்டில் ஒரு துண்டு மட்டும் வேறு வெள்ளையாக இருந்தால், ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரித்தான்.

கரண்ட் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 40 மீட்டரும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் 576 வாட். நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, மாதம் சுமார் 86. முழு வெளிச்சத்தில் எந்த ஓவியரும் வைக்க மாட்டார், எஸ்எம்பிஎஸ் இழப்பைச் சேர்த்தாலும் இதற்குள் நிற்கும்.

ஆகவே எஸ்டிமேட்டைத் திருப்பி எழுதுங்கள். முதல் வரி, ஓவியர் இரண்டு முறை வந்து ராத்திரியில் இடத்தைப் பார்க்கும் செலவு. அடுத்து சுவர், இருட்டு, மாதிரிப் பலகை. ஓரடிப் பலகையில் ஓவியர் கையெழுத்துப் போட்டபின்தான் சாமான் வாங்குவது. அதன்பிறகு ஒயர், பெட்டி, எர்த். ஸ்ட்ரிப் கடைசியில் வரட்டும். கூடவே, மூன்று வருஷத்துக்கு ஆண்டில் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், பெட்டி திறந்து துடைக்கிற கூலி. இந்த வரி இல்லாத எஸ்டிமேட்டில் நாங்கள் விலை சொல்லப்போவதில்லை.

வேலையை ஏற்றுக்கொள்ள நீங்கள் வருகிற நாளைக் காலை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். சாயந்தரம் ஏழு மணிக்கு வாருங்கள். உள்ளே வந்ததும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள், போனையும் உள்ளே வையுங்கள். கண் இருட்டுக்குப் பழகியபின் நாங்கள் சுவிட்சைப் போடுகிறோம். நாற்காலி மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வட்டாரத்துப் போர்டு, வயரிங், அக்ரிலிக், பெயிண்டிங் தொழிலாளர்கள்